தலையில் அலையுள்ள எழுத்து

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
பழைய தானியக் கிடங்கை அரங்கமாக்கியிருக்கிறார்கள்.
வாசலில் நூற்றெண்பது மேல்கோட்டுகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
ஈரம் சொட்டுகின்றன.

வலைச் செயலி எழுதுபவர்களுக்கு
இரண்டு நாள் பயிற்சி.
முதல் அமர்வின் தலைப்பு:
'படிவங்கள் பணிவாக நடந்துகொள்வது எப்படி.'

பதிவு மேசையில் பெயரட்டைகளை
அடுக்கிவைத்திருந்தான் ராய்கோ.
அவற்றை அச்சிட்ட நிரல் என்னுடையது.
மூன்று இரவில் எழுதியது. நன்றாகவே ஓடியது.
நன்றாக ஓடியது என்றுதான் நினைத்திருந்தேன்.

பயிற்றுநர் வந்தார். ஒன்னே சொயெர்த்.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குள்
நல்வாய்ப்பு என்ற பொருள் இருக்கிறது.
அதன் முதலெழுத்து ஒரு வட்டம்,
வட்டத்தின் தலையில் ஓர் அலை.
உதட்டைக் குவிக்காமல்
பாதி விழுங்கிச் சொல்லும் உகரம் அது.
வெளியூர் நாக்குகள் அதில் வழுக்கி விழும்,
நாங்கள் சிரிப்போம்.

அட்டையில் வட்டமும் இல்லை, அலையும் இல்லை.
கேள்விக்குறி.
நல்வாய்ப்பின் வாசலில் ஒன்று,
குடும்பப் பெயரின் நடுவயிற்றில் இன்னொன்று.

ராய்கோ காதுவரை சிவந்து பேனாவை நீட்டினான்.
"பரவாயில்லை" என்று அப்படியே மாட்டிக்கொண்டார்.
நான் காப்பி இயந்திரத்தின் பின்னால் நின்று
சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன்.
நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

அரங்கில் அவர் திரையைக்கூட இயக்கவில்லை.
"கேள்விக்குறி கிடைத்தவர்கள்
கொஞ்சம் எழுந்து நிற்கிறீர்களா?"

நாற்காலிகள் கிறீச்சிட்டன.
மொத்துஸ். பொல்து. கொய்வ்.
வங்கியிலிருந்து வந்த நால்வர் ஒருசேர.
ரீகாவிலிருந்து பேருந்தில் வந்த கிர்த்ஸ்,
அவர் முதலெழுத்தின் காலடியில் ஒரு காற்புள்ளி தொங்கும்.
தாலினில் வளர்ந்த துயெத்,
ஒரே எழுத்தின்மேல் இரண்டு குறி சுமப்பவள்.
அறுபத்தொருவர்.

"பெயரைக் கேட்டோம். சொன்னார்கள்.
நாம் நம்பவில்லை" என்றார் ஒன்னே.
"அதற்குத்தான் சரிபார்ப்பு என்று
பெயர் வைத்திருக்கிறோம்."

யார் எழுதிய நிரல் என்று அவர் கேட்கவே இல்லை.
கேட்டிருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன்.

எழுந்தேன். என் அட்டை சுத்தமாக இருந்தது.
கெர்மோ லாஸ்:
ஐந்தும் நான்கும் ஒன்பது எழுத்து,
ஒன்றின் தலையிலும் தொப்பி கிடையாது.
"என் பெயரை இட்டுத்தான் சோதித்தேன்" என்றேன்.
"நூறு முறை. நூறு முறையும் தேறியது."

யாரோ சிரித்தார்கள். துயெத் சிரிக்கவில்லை.
"என் பெயருக்குப் பனி என்று அர்த்தம்.
வெளியே இவ்வளவு கொட்டுகிறது.
உங்கள் பெட்டிக்குள் ஒரு துளி நுழையவில்லையே."

அதன்பின் நடந்ததுதான் பயிற்சி.
என் மூன்று இரவுகளும் சுவரில்
இரண்டு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றன.
எண்பத்தேழாம் வரி.
ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள்,
கிர்த்ஸும் கொய்வும் சண்டையே போட்டார்கள்.
பதினோரு நிமிடத்தில் சரியாயிற்று.
மறுபடி அச்சிடப் போனால்
அட்டை தீர்ந்துவிட்டிருந்தது.

அவரவர் அட்டையைப் புரட்டி
அவரவர் பெயரை எழுதிக்கொண்டார்கள்.
ஒரே பேனா, வரிசையாகக் கைமாறியது.
சிலர் அலையை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டார்கள்.
ஒன்னே மட்டும் எதுவும் எழுதவில்லை.

இரவு பாலத்தின் வழியே நடந்தேன்.
தாயாறு என்று பொருள்படும் ஆற்றின் பெயரிலும்
அதே எழுத்து.
பிறந்ததிலிருந்து இதே ஊர்.
பாலத்துப் பலகையில் அலைமேல் பனி இறுகியிருந்தது.
கையுறையைக் கழற்றித் துடைத்துவிட்டேன்.

நாளைக் காலை அமர்வு
பிறந்ததேதிப் பெட்டிகளைப் பற்றி.
அதையும் நான்
என் பிறந்தநாளை இட்டுத்தான் சோதித்திருக்கிறேன்.